முதலைக்கு ஒரு ‘ம்’

ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய மைக்,
நகமளவு ஸ்பீக்கர்.
துணி முதலையின் வயிற்றைப் பிரித்து
பஞ்சுக்குள் வைத்துத் தைத்தேன்.

கதை சொல்லும். நடுவில் நிற்கும்.
செவ்வந்தி ‘ம்’ கொட்டினால்தான் மேலே போகும்.
கொட்டாவிட்டால் தூங்கிவிட்டாள்.
நான் எழுதிய நிரல் அவ்வளவுதான்.

நேற்று எட்டாவது ‘ம்’மோடு உறங்கிப்போனாள்.
கூவத்தின் நடுவே
வாலைத் தூக்கிப் பிடித்தபடி
நின்றுவிட்டது நரி.

விடிகாலை நாலரை.
மெட்ரோ தண்ணீர் வந்ததென்று
கீழ்வீட்டு எபினேசர் மோட்டார் போட்டார்.

ம்ம்ம்ம்ம்

இருட்டில் முதலை வாய் திறந்தது:
“அப்புறம் அந்த நரி…”

எழுந்து அணைக்கப் போனவன்
கட்டிலோரம் உட்கார்ந்தேன்,
எப்போது கண்ணயர்ந்தேனோ.

பல்லில் பேஸ்ட் நுரையோடு செவ்வந்தி கேட்டாள்:
“நரி கரையேறிடுச்சாப்பா?”

தெரியலைம்மா,
மோட்டாரைத்தான் கேக்கணும்.