மிதக்கும் கால்

தொலைபேசி நிலையத்துப் பழைய பலகைகளை
கிலோக் கணக்கில் நிறுத்து விற்ற
சுன்னாகத்து இரும்புக் கடையில்
ஒரு கறுப்பு மட்டத்தேள் கிடைத்தது.
நாற்பது கால்.
முதுகைத் துடைத்தால் 8331:
எண்பத்துமூன்று, முப்பத்தோராம் கிழமை.

அந்தக் கிழமைதான் அப்பா
வெள்ளவத்தையை விட்டு, மாற்றுச் சேட்டும் இல்லாமல்,
காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கினவர்.
அவருக்குச் சொன்னேன்.
"அப்ப ரெண்டு பேரும் பழசு" என்றார்,
கிரிக்கெட் பார்த்தபடி.

அதே பலகையில் ஒரு நினைவுச் சில்லு,
நெற்றியில் சின்னக் கண்ணாடி யன்னலோடு.
ஊதா விளக்குக் காட்டினால் மறக்குமாம்.
விளக்குக்கு எங்கே போவது?
கொக்குவிலில் வெயில் இருக்கிறது.
றெஜினா அன்ரி மிளகாய் காயப்போட்ட பாயின் ஓரம்
ஏழு நாள் வைத்தேன்.
"என்ன பிள்ளை காயுது?"
"சில்லு, அன்ரி."
அவர் சைக்கிளைத் தேடினார்.

எட்டாம் நாள் வாசித்துப் பார்த்தேன்.
எல்லா இடமும் ஒன்று, ஒன்று, ஒன்று.
ஆர் ஆருடையவோ அழைப்புகளை எண்ணிய நினைவு
மிளகாய் நெடியோடு போயிற்று.
மறதி இருட்டாய் இருக்குமென்று நினைத்திருந்தேன்.
எல்லா விளக்கும் எரிந்தது.

பிறகு வயர்.
எட்டுச் சிவப்பு, பதினாறு மஞ்சள்.
பகலில் கஸ்தூரியார் வீதிக் கடையில்
போன் திருத்தும் கையால்
இரவில் ஒவ்வொன்றாய் ஈயம் வைத்தேன்.
நிரல் சின்னது:
நொடிக்கு ஒன்றாய் எண்ணு.

எண்ணியது.
நான் மேசையடியில் இருக்கும்வரை எண்ணியது.
தேத்தண்ணி போட எழும்பினால் நின்றது.
திரும்பி வந்து கையை மேலே நீட்ட
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.
தொடவில்லை, சத்தியமாய். ஒரு சாண் தூரம்.

மூன்று இரவு அப்படியே இருந்தோம்,
அது எண்ண, நான் காவல்.
நான் எழும்பிப் போனதற்காக
நின்றுபோன வேறொன்றும்
என் முப்பத்தாறு வயதில் இல்லை.

நாலாம் இரவு தரவுத்தாளை மறுபடி படித்தேன்.
இருபத்துநாலாம் கால்.
"பொறு" என்று சொல்லும் கால்.
அதை நான் எங்கும் கட்டவேயில்லை.
மேலும் இல்லை, கீழும் இல்லை;
அந்தரத்தில் நின்று
என் உடம்பின் இரைச்சலைக் கேட்டிருக்கிறது.
நான் வேறென்னவோ நினைத்திருந்தேன்.

பத்தாயிரம் ஓம் தடை:
மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள்.
நாங்கள் அரவு என்கிறதை
இந்தியாவில் துணைக்கால் என்பார்களாம்.
அப்படியொன்றை அதன் பக்கத்தில் நிற்பாட்டினேன்.

இப்போது எண்ணுகிறது.
கிணற்றடிக்குப் போனேன், எண்ணுகிறது.
கேற்றடியில் நின்று யன்னலால் பார்த்தேன்:
எட்டு விளக்கும் ஒருதரம் முழுக்க எரிந்து
பூச்சியத்துக்குப் போய்
தன்பாட்டில் ஒன்று, இரண்டு.

உள்ளே வந்து கையை நீட்டினேன்,
ஒரு சாண்.
மூதேவி,
திரும்பியும் பார்க்கவில்லை.