இடப்பக்கம்

பேட்டரிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறுகிறேன்.
பையில் போட்டால் மேட்டை எட்டுமுன்
குளிர் அவற்றைக் குடித்துவிடும்.
பன்னிரண்டு. எண்ணிக்கொண்டே நடப்பது பழக்கம்;
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பராபாஷ் தாண்டிய மலைமுதுகு.
தெற்குச் சரிவில் பனி தங்காது.
ஓக் மரங்கள் போன வருடத்து இலைகளை
உதிர்க்க மனமில்லாமல் வைத்துக்கொண்டு
காகிதம் கசக்குவதுபோல் பேசிக்கொண்டிருக்கும்.
வடக்குச் சரிவில் பேச்சில்லை.
முழங்கால்வரை வெண்மை.

பாதைக்கு இந்தப்புறம் ஒரு கேமரா, அந்தப்புறம் ஒன்று.
பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பதிபோல்
எதிரெதிரே.
சிறுத்தைக்கு இடப்பக்கப் புள்ளிகள் வேறு,
வலப்பக்கம் வேறு.
இரண்டும் கிடைத்தால்தான் முழு விலங்கு.

நாலு வருடம் முன்பு, ஒரு ஜனவரியில்
எதிர்க் கேமரா விறைத்துச் செத்துப்போயிற்று.
ஆகவே எங்களிடம் ஓர் இடப்பக்கம் இருந்தது:
விலாவில் குதிரைலாடம்போல் ஒரு வளையம்,
வாய் மூடாமல்.
ஒன்பது கிலோமீட்டர் அப்பால், ரயில்பாதையருகே,
ஒரு வலப்பக்கம்:
தொடையில் ஒட்டிக்கொண்ட மூன்று புள்ளிகள்.
ப்ரோஹர் இரண்டுக்கும் ஆளுக்கோர் எண் கொடுத்து
அலுவலகச் சுவரில் ஒட்டினான்.

நான் அதோடு நிறுத்தவில்லை.
இடப்பக்கத்தைப் பெண்ணாக்கினேன். கூச்சக்காரி,
புள்ளிமான் கன்றைத் தின்றபின்
மீசையைப் பனியில் துடைப்பவள்.
வலப்பக்கம் ஆண்.
எல்லைக் கம்பிவேலியை மதிக்காதவன்,
சீனத்துக் காட்டில் ஒருகால், இங்கே ஒருகால்.
தூரம் பார்த்தேன், ஓடை பார்த்தேன்,
மனதுக்குள் கல்யாணமே பேசி முடித்திருந்தேன்.
குட்டிகளுக்கு எண்கள்கூட ஒதுக்கியாயிற்று.

இன்று, கையுறையைக் கழற்றி,
விரல் மரத்துப்போகுமுன் ஒவ்வொரு படமாய்த் தள்ளுகிறேன்.
நரி. நரி. காற்றில் ஆடிய கிளை.
என் தொப்பி.
பிறகு ஒரு நண்பகல்: பாதை நடுவே அது நிற்கிறது.
இரண்டு கேமராவும் ஒரே நொடியில்
கண் திறந்திருக்கின்றன.
இந்தப்புறம் குதிரைலாடம்.
அந்தப்புறம் மூன்று புள்ளிகள்.

அதை அதற்கே கட்டிவைத்திருக்கிறேன்.
(பெண்தான். அதில் மட்டும் பாதி சரி.)

யாரும் சுடவில்லை.
கண்ணி இல்லை, கோரைக்கு வைத்த தீ இல்லை,
ஹசான் சாலையில் லாரி எதுவும் மோதவில்லை.
ஆனாலும் உலகத்தில்
ஒரு சிறுத்தை குறைந்துவிட்டது.
ரத்தமில்லாத இந்தச் சாவை
எந்தப் பத்தியில் எழுதுவது?
மிச்சமிருப்பவளின் தடமோ
என் பூட்ஸுக்கு முன்னால், இன்னும் ஓரம் இறுகாமல்,
தேவதாரு நிழலுக்குள் போகிறது,
நாலு வருடமாய்த் தனியாக.

வயர்லெஸ் கரகரத்தது.
"ஏதாவது இருக்கா?" ப்ரோஹர்.
"ஒன்று" என்றேன்.
"ஒன்றா? எது?"

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.
புதிய பன்னிரண்டையும் பொருத்தி மூடினேன்.
தீர்ந்துபோன பன்னிரண்டையும்
ஏனோ அக்குளிலேயே வைத்துக்கொண்டு
இறங்கினேன்.