துடைப்பக்கட்டை

லிஸ்பனுக்கு வெளியே, கடைசி பஸ் திரும்பிப்போகும் இடத்தில்
எங்கள் கட்டடம். லிஃப்ட் செத்து இரண்டு வருடம்.
நான்காம் மாடியில் நான்,
ஒரு காது மட்டும் பாடும் ஹெட்போன், திருட்டு மென்பொருள்.
மூன்றாம் மாடியில் தோனா எர்மெலிந்தா,
அவளுடைய துடைப்பக்கட்டை.

பதினொரு மணிக்கு ஸ்பீக்கரைக் கூட்டினால்
பதினொன்று ஐந்துக்கு என் தரைக்கு அடியிலிருந்து
டொக். டொக்டொக்.
மூச்சு வாங்கிக்கொண்டு
டொக்.

எழுபத்தாறு வயது. அந்தக் கடைசி அடி
எப்போதும் அரையிடம் தள்ளித்தான் விழும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எரிச்சலில்தான்,
கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்து
அந்த வசவைப் பிடித்தேன்.
அதன்மேல் ஒரு நாய்க்குரைப்பு,
பஸ்ஸில் கார்டு தேய்க்கும் ஓசை, காலுக்கு ஒரு கனத்த முரசு.
கோப்புக்குப் பெயர்: கீழ்வீட்டுக்காரி.

ரோட்டர்டாமில் இரண்டாயிரம் பேர் அதற்கு ஆடினார்கள்.
முடிந்ததும் ரொஷ்னி ஜக்ரூப் என்றொருத்தி
வியர்வையோடு மேடை ஏறி வந்தாள்.
சுரினாமிலிருந்து வந்த குடும்பம்.
"இது எங்கள் கல்யாண வீட்டு இரும்புக்கம்பி.
அப்பா இப்படித்தான் கடைசி அடியை ஏமாற்றுவார்.
எங்கே எடுத்தாய்?"
அவளுடைய டச்சு எனக்குத் தெரியாது,
என் போர்த்துக்கீசு அவளுக்கு.
அரைகுறை ஆங்கிலத்தில் "தரையில்" என்றேன்.
தாழ்மையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்திரிகைக்காரர் எழுதினார்:
லுவாண்டாவின் ஆதிமுரசு,
இந்த இளைஞனின் ரத்தத்தில் ஊறிய தாளம்.

நான் லுவாண்டாவைப் பார்த்ததில்லை.
பிறந்தது இங்கே, அமதோரா ஆஸ்பத்திரியில்.
பதினெட்டு வயதுவரை இந்த நாடு
என்னைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை.

எர்மெலிந்தா பார்த்திருக்கிறாள்.
அங்கே பிறந்த வெள்ளைக்காரி.
எழுபத்தைந்தில் கொடி இறங்கியபோது
தையல் மெஷினின் தலையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு
கப்பலேறியவள்.
அவளையும் அவள் மாதிரி வந்தவர்களையும்
'திரும்பியவர்கள்' என்றுதான் இந்த ஊர் அழைத்தது.
"முன்னால் வந்திராத ஊருக்கு எப்படியடா திரும்புவது?"
தபால்பெட்டி அருகே ஒரு தடவை கேட்டாள்.
அவள் என்னோடு பேசிய ஒரே நல்ல வார்த்தை அது,
அதுவும் மின்கட்டண ரசீதைத் தேடிக்கொண்டே.

ஆக, பத்திரிகைக்காரர் சொன்னது பொய்யில்லை.
கை லுவாண்டாவின் கைதான்.
கைக்காரரைத்தான் மாற்றிவிட்டார்.

ஊர் திரும்பிய இரவு பாட்டைச் சத்தமாக வைத்தேன்.
பதினொன்று ஐந்து. பத்து.
கீழே அடியில்லை.
படிக்கட்டில்தான் சத்தம்: ஒவ்வொரு படியாக, நின்று நின்று.
கதவைத் திறந்தேன்.
இரவு உடை, முட்டிவலிக் கட்டு, கையில் கட்டை.

"அது என் கூரைதானே?"
"ஆமாம்."
"எவ்வளவு கொடுத்தார்கள்?"
சொன்னேன்.
"பாதி."

எண்ணிக் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணினாள்.
பிறகு, போகாமல்,
"கடைசி அடி பிந்திவிட்டது. வெட்கமாயிருக்கிறது.
திரும்பப் பதிவுசெய்" என்றாள்.
பிந்தட்டும், அதற்குத்தான் காசே என்று
நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே
கட்டையைத் தலைகீழாகப் பிடித்து
என் தரையில் ஓங்கிக் குத்தினாள்,
சுத்தமாக, காலத்துக்கு,
ஆளில்லாத அவள் வீட்டுக்குக் கேட்கும்படி.