இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில்

படிவத்தில் ஒரு சொல்: கருப்பைக் கழுத்து.
"கருப்பைக்கும் கழுத்து இருக்கா அப்பா?"
புத்தகப்பை இறக்காமலே கேட்கிறாள் மதுவந்தி.

திருக்கடலூர் ஐஸ் பெக்டரியில்
பதினாறு வருசமாய்ப் பாளம் இழுக்கிறவன் நான்.
சூரையின் செவுளைப் புரட்டி
எத்தனை மணிக்குச் செத்ததென்று சொல்லுவேன்.
இதற்கு மறுமொழி தெரியவில்லை.
"சாப்பிடு" என்றேன்.

தாய் / தந்தை / பாதுகாவலர் கையொப்பம்.
தாய் குவைத்தில்.
யாரோ பெற்ற மூன்று பிள்ளைகள் உறங்கினால்தான்
அவளுடைய போன் விழிக்கும்.
அப்போது இங்கே பன்னிரண்டரை.

பகலில் யோகராசா சொல்லியிருந்தான்:
"வேண்டாம் மச்சான், பிறகு பிள்ளை தங்காதாம்."
"ஆர் சொன்னது?"
"போனில வந்தது."
அவனுக்குப் பெண்பிள்ளை இல்லை.
இருந்தாலும்
அந்தச் சொல் சட்டைக்குள் ஈரமாய் ஒட்டிக் கிடந்தது
மாலை வரைக்கும்.

"தரம் ஆறுக்கு ஊசியாம்" என்று தொடங்கினேன்.
முழுவதும் வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன்.
லைன் விழுந்துவிட்டதென்று நினைத்தேன்.
பிறகு ஜெயவதனி சொன்னாள்:
"அக்காவுக்கும் அதுதான்."

தவமலர் அக்கா.
வயிற்று வருத்தம் என்றுதான் ஊருக்குச் சொன்னது,
எனக்கும்.
மகரகமவுக்கு ஏழுதரம் பஸ் பிடித்தோம்.
எட்டாவது தரம் வேன்.

"போடச் சொல்லுங்கோ.
நானும் லீவில் வந்து கிளினிக்கில காட்ட வேணும்,
முப்பத்தஞ்சு தாண்டிட்டுது."
அதற்குள் அங்கே ஒரு பிள்ளை அழுதது.

பேனை எழுதவில்லை.
மீன் கணக்குப் பென்சிலால் வைத்து
விடிந்ததும் மேலே மையால் இழுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் நஸ்மியா மிஸ்
நீலப் பெட்டியைத் திறந்தபோது
என்னையறியாமல் குனிந்து பார்த்தேன்.
"எத்தனை டிகிரி மிஸ்?"
மற்றத் தகப்பன்மார் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
"இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில."
"இன்னும் கொஞ்சம் ஐஸ் போடலாமே?"
"உறைஞ்சாலும் பழுதுதான்."

எவ்வளவு உறையுதோ அவ்வளவுக்கு நல்லதென்று
இத்தனை நாளும் இருந்தேன்.

பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு போட்டுக்கொண்டாள்.
கால்மணி நேரம் வாங்கில் இருத்தினார்கள்.
எழும்பியதும் மாலுபணிஸ் கேட்டாள்.

சைக்கிள் பாலம் ஏறுகையில்
பின்னால் இருந்து மறுபடியும்:
"சொல்லுங்கோவன், கழுத்து இருக்கா?"
"இருக்குது.
உன்ர பெரியம்மாவுக்கு அதிலதான் புற்றுநோய் வந்தது."
கடைசிச் சொல்லைச் சத்தமாய்ச் சொல்லிவிட்டேன்.
எதிரே வந்த ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.
பார்க்கட்டும்.

கொஞ்சத் தூரம் பேசாமல் வந்தாள்.
"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"
"எனக்கும் முந்தநாள்தான்."

ரெண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்து.
ஐஸ் அறைக் கதவில், பாளக் கணக்குக்குக் கீழே,
சோக்கால் எழுதி வைத்திருக்கிறேன்: கார்த்திகை.
அப்போது கடல் அடித்துக்கொண்டிருக்கும்,
போட்டுகள் ஏறிக் கிடக்கும்,
ஐஸுக்கு ஆள் வராது.
லீவு கேட்கத் தேவையில்லை.