சாட்சி எண் நான்கு

பேர் கேட்டார்கள்.
அடைக்கலம்.
ஊர் பள்ளத்தூர். கேட்டரிங்கில் பரிமாறும் வேலை.

அந்தப் பொண்ணு எத்தனை கிளாஸ் குடிச்சது?
மூணு, என்றேன்.
மூணு, என்று வக்கீல் திருப்பிச் சொன்னார்
மேடையைப் பார்த்து, பிறகு ஜன்னலைப் பார்த்து,
ஆறு வாய்தா அலைந்தது
இந்த ஒரு எண்ணுக்காகத்தான் என்பதுபோல.

என்ன கேட்டு வாங்கினாள் என்று அவர் கேட்கவில்லை.
நன்னாரி சர்பத்.
கானாடுகாத்தான் வீட்டில் சாந்திக் கல்யாணம்.
பூ அலங்காரம் முடித்து, கையில் சம்பங்கி வாசத்தோடு வந்து
இனிப்புக் கம்மியா இருக்கட்டும் அண்ணா என்றாள்.
அவர் பின்னாலேயே வந்தார்.
ரெண்டு மூடி சேர்த்து ஊத்து, ஐஸ் அள்ளிப் போடு,
அதுக்குத் தெரியவா போகுது.
என் சட்டைப் பையில் ஐநூறு ரூபாய்
மடிப்புக் கலையாமல் போய் உட்கார்ந்தது.
வோட்கா மணக்காது.
நன்னாரி மணக்கும்.

எங்க கட்சிக்காரர் அன்னைக்கு நிதானத்தில் இல்லை,
என்ன நடந்தது என்றே அவருக்கு நினைவில்லை,
இதையும் அதே வக்கீல்தான் சொன்னார்.
அவளுக்கும் நினைவில்லை.
அதை மட்டும் பொய் என்கிறார்.
அதே பாட்டில். நான்தான் மூடி திறந்தேன்.

நாலு நாள் கழித்து எடுத்த ரத்தம்
மதுரைக்குப் போய் ஒரு தாளாகத் திரும்பியிருந்தது:
கண்டறியப்படவில்லை.

என்னைக் கேட்டிருக்கலாம்.
மூணாவது கிளாஸுக்குப் பிறகு
தேக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு
அண்ணா, தரை ஏன் நகருது, என்றாள்.
ஆத்தங்குடிக் கல்லும்மா, பூப் பூவா இருக்குல்ல,
உத்துப் பார்த்தா அப்படித்தான், என்றேன்.
சிரித்தேன் வேறு.
அவர் தோளைத் தாங்கி இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப் போனார்.
எனக்குப் பந்தியில் கவுனி அரிசி பரிமாற வேண்டியிருந்தது.
பரிமாறினேன். நாற்பத்தேழு இலை.
தேங்காய்ப்பூ கம்மி என்று ஒருவர் முகம் சுளித்தது வரை
ஞாபகம் இருக்கிறது.

போதும், இறங்கலாம், என்றார்கள்.
இறங்கும்போது பார்த்தேன்.
வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்
அவள் மடியில் இருந்தது.
மூடியை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.
குடிக்கவில்லை.

பாதிப் படியில் நின்றேன்.
அம்மா, கேட்காதது ஒண்ணு இருக்கு.
வக்கீல் எழுந்தார்.
ஜட்ஜம்மா அவர் பக்கம் திரும்பாமலே கையமர்த்தினார்.
தட்டச்சு செய்பவர்
விரல்களை எழுத்துகளுக்கு மேலே
தூக்கிப் பிடித்திருந்தார்.