பிழைதிருத்தம்

நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு
மெய்ப்பு பார்க்கிற வேலை எனக்கு.
ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே
மருந்துக்கடை மாடியில் அச்சகம்.
ஜன்னலைச் சாத்தினாலும்
மேசைவரை வந்துவிடும் மூட்டம்.

முதல் பக்கத்தில் நாங்கள்
மன்னாரில் இறங்கி நடந்தோம்.
இரண்டாம் பக்கத்தில்
கொள்ளைநோய்க்குப் பாதிப்பேரைக் கொடுத்தோம்.
பிறகு காடு வெட்டினோம்,
ரோட்டுக்குக் கல்லுடைத்தோம்,
உலகத்துக்கே சாயத்தண்ணி கொடுத்தோம்.
அந்த வரியில் தலைவர் பவானந்தன்
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
நானும்தான். பொய் சொல்லக்கூடாது.

பதினாலாம் பக்கத்தில்
ஆள் மாறுகிறது.
துண்டுக்கடனுக்காகச் சடைச்சியைப்
பிரட்டுக்களத்தில் முழங்காலில் நிறுத்தியவர்கள்
'அந்தக்காலத்துக் கங்காணிமார் சிலர்'.
பள்ளத்து லயத்துக்கு
மேட்டுப் பீலியில் தண்ணீர் 'மறுக்கப்பட்டது'.
யாரால் என்று வாக்கியம் சொல்லவில்லை.
பயனிலை இருக்கிறது,
எழுவாய் கொழுந்து நிறுக்கப் போயிருக்கும்போல.

அட்டையில் குதிரைமேல் இருப்பவர்
பவானந்தனின் பூட்டன்.
'எங்க பெரிய கங்காணி' என்றார்
படம் கொண்டுவந்த அன்று.
பதினாலாம் பக்கத்தைக் காட்டினேன்.
'அது வேற ஆளுகம்மா' என்றார்.
தொப்பித்தோட்டத்தில்
பெரிய கங்காணி ஒருவர்தான்.
குதிரையும் ஒன்றுதான்.

அன்று பின்னேரம்
'கங்காணிமார் சிலரை' அடித்துவிட்டு
நிறுத்தினோம் என்று மாற்றினேன்.
தண்ணீர் மறுத்தோம்.
வேறு ஒரு காற்புள்ளிகூடத் தொடவில்லை.
ஐந்நூறு பிரதி.

அந்தப் பன்மையில் எனக்கும்
ஒரு காம்பரா உண்டு.
ஒன்பது வயது. மாசி மாதம்,
பீலி நூலாய் வடிகிற நேரம்.
மரியசூசை மகள் ரெஜினா
குடத்தை வைத்துவிட்டு ஓரமாய் நின்றாள்.
யாரும் சொல்லித்தரவில்லை எனக்கு.
காலால் தள்ளினேன்.
அலுமினியக் குடம்
படிக்கட்டு முழுக்கப் பேசிக்கொண்டே இறங்கிப் போனது.
அம்மா என்னைத் திட்டவில்லை.
தன் குடத்தை எடுத்து
அந்த இடத்தில் வைத்தாள்.
இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?
இதற்கு நாங்கள்கூட இல்லை,
நான் மட்டும்.

விழாவுக்கு முதல்நாள் பவானந்தன் வந்தார்.
சத்தம் போடவில்லை.
'எழுத்துப்பிழை ஒன்னு வந்திருக்கு' என்றார்,
இருபது வருடமாய்
எழுத்துப்பிழை தின்று வாழ்கிறவளிடம்.

சீட்டு அடித்தோம்:
பக்கம் 14, வரி 9.
'நிறுத்தினோம்' என்பதை
'நிறுத்தினர்' என வாசிக்கவும்.
வரி 12. 'மறுத்தோம்' என்பதை
'மறுக்கப்பட்டது' என வாசிக்கவும்.
தவறுக்கு வருந்துகிறோம்.

கடைசி வரியை
அவர்தான் சேர்க்கச் சொன்னார்.
சிரிக்காமல் அடித்தேன்.

கோதுமை மா காய்ச்சி
விடியும்வரை ஒட்டினேன்.
மகனுக்கு டியூஷன் காசு கட்டவேண்டும்.
கட்டுக்கட்டாய் லாரியில் ஏறியது மலர்,
மேலே குதிரை, உள்ளே சீட்டு.

பூஞ்சை பிடிக்காமலிருக்கப்
பசையில் துருசு போடுவது வழக்கம்.
அலமாரியில் டப்பா இருந்தது,
கைக்கெட்டும் உயரத்தில்.

துருசு
போடப்படவில்லை.