ஏப்பக் கணக்கு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி,
எண்ணி முடித்தும் திறக்கவில்லை.
என் பையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி.
மாட்டின் மூக்குக்கு நேரே பிடித்தால்
மூச்சில் எத்தனை மீத்தேன் என்று சொல்லும்.

தேசம்மாளுக்கு ஏழு மாடு.
கொட்டகைக்குக் கூரை ஃப்ளெக்ஸ் பேனர்.
போன தேர்தலில் தோற்றவர்
தலைகீழாகக் கும்பிடுகிறார்.

"இன்னா சார், ஜொரம் பாக்குறியா?"
"இல்லம்மா. ஏப்பம்."
சிரித்த சிரிப்பில் சொம்புப் பால் தளும்பிற்று.
"மணலில ராவும் பகலும் நெருப்பு கக்குது கொயா.
கொடுங்கையூர் குப்ப தானா பத்திக்கினு எரியுது.
என் ஜிகினா ஏப்பம் வுட்டுத்தான்
ஒலகம் சூடாவுதா?"

ஜிகினா ஒரு போஸ்டரை மென்றுகொண்டிருந்தது.
பசை காயாத கண்ணீர் அஞ்சலி.
யாரோ ஒருவரின் மீசைவரை தின்றாயிற்று.
திரையில் எண் ஏறியது.

படித்த பதில் ஒன்று வாய்வரை வந்தது.
விழுங்கிவிட்டுக் கேட்டேன்:
"தீவனம் மூட்டை என்ன விலை?"
சொன்னாள். யாரையோ வைதுகொண்டே சொன்னாள்.
"நூறு ரூபாய்க்குப் போட்டா
ஆறு ரூபா வாய் வழியா காத்தாப் போவுதும்மா."

அவள் கை நின்றது.
காம்பிலிருந்து இரண்டு சொட்டு மட்டும்
கேட்காமலே விழுந்தன.
"டெய்லியா?"
"டெய்லி."
"ஏழுத்துக்கும்?"
வானத்தைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.

மறுமாதம் போனபோது
ஓட்டல் சோற்றுக் குண்டான் கவிழ்ந்து கிடந்தது.
வெட்டிய பச்சைப் புல், கடலைப் பிண்ணாக்கு,
எடை போட ஒரு மீன் தராசு,
காசிமேட்டில் யாரிடமோ கடன் வாங்கியது.
பால் அரை லிட்டர் கூட. எண் கொஞ்சம் கீழே.
எனக்குத்தான் அவசரம்:
"அஞ்சு மாடு போதும்மா. இதே பால் வரும்.
கறக்காத ரெண்டையும்..."

புளியந்தோப்பு என்று நான் சொல்லவில்லை.
அவளுக்குக் கேட்டுவிட்டது.
"செவலைய வேணா குடுக்குறேன், கடன் கீது.
ஜிகினாவ உன் நோட்டுல எய்தாத."
"அதுவும் ஏப்பம் விடுதேம்மா?"
"வுடட்டும். மூணு வருசம் என் வாடகைய
அதுதான் கட்டிச்சு."

படிவத்தில் ஒரு கட்டம்: பயனற்றவை, எண்ணிக்கை.
பேனாவைத் திறந்து மூடினேன்.

திரும்பும் வழியில் அதே கேட், அதே கூட்ஸ்.
கொடுங்கையூர்ப் பக்கமிருந்து புகை.
கருவியை அங்கே திருப்பச் சொல்லி
தேசம்மாள் இரண்டு முறை கேட்டிருந்தாள்.
மாட்டுக்கு மட்டும்தான் எனக்கு ஆர்டர்.
பையின் ஜிப்பைத் திறந்தேன்.
பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.
கேட் தூக்கிவிட்டார்கள்.